எல்லையோர ஊரில் எந்த சிம்? ஆரியங்கோடு, பாறசாலைப் பகுதியினர் கைபேசி சேவையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கேரளத்தின் தென்கோடியில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் பாறசாலை சட்டப்பேரவைத் தொகுதிக்குள் அமைந்துள்ளது ஆரியங்கோடு ஊராட்சி. அகத்தியர் மலையில் தோன்றும் நெய்யாறு, அணையைக் கடந்து கடலை நோக்கிச் செல்லும் வழியிலுள்ள மேடுபள்ளமான நிலப்பகுதி இது. ரப்பர் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் அவற்றுக்கிடையே சிதறிய வீடுகளுமாக ஊர் பரந்து கிடக்கிறது. கிழக்கிலும் தெற்கிலும் வெள்ளறடை, குன்னத்துக்கால், பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்தால் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்கிவிடும். பனச்சமூடு சந்தையிலும் களியக்காவிளைப் பேருந்து நிலையத்தையொட்டிய தெருக்களிலும் எந்த இடத்தில் ஒரு மாநிலம் முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பது வெளியூர்க்காரருக்குப் புலப்படாது.

உள்ளூர்க்காரருக்கு அது கைபேசித் திரையில் புலப்படும். கேரளத்தில் வாங்கிய சிம் அட்டை, வீட்டின் கிழக்கு அறையில் தமிழ்நாட்டு நெட்வொர்க்கைக் காட்டும். மேற்குத் திண்ணைக்கு வந்தால் மீண்டும் கேரளத்துக்குத் திரும்பும். இத்தகைய ஊர்களில் "எந்த நிறுவனத்தின் சிம் நல்லது?" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த நிறுவனம், எந்த வட்டம், எந்தத் திட்டம் என மூன்றையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

வட்டம் என்றால் என்ன?

இந்தியாவில் கைபேசி சேவைக்கான உரிமம் நாடு முழுமைக்கும் ஒரே பகுதியாக அமையவில்லை. நாடு 22 உரிமப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இவையே பேச்சு வழக்கில் 'வட்டம்' அல்லது 'சர்க்கிள்' எனப்படுகின்றன. கேரள வட்டத்தில் கேரளத்துடன் லட்சத்தீவும், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேயும் அடங்கும். தமிழ்நாடு வட்டத்தில் புதுச்சேரியும் காரைக்காலும் உள்ளன. தனி வட்டமாக இருந்த சென்னை 2005-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுடன் இணைக்கப்பட்டது.

அலைக்கற்றை ஏலமும் வட்ட வாரியாகவே நடைபெறுகிறது. ஆகவே ஒரே நிறுவனம் ஒரு வட்டத்தில் அதிக அலைக்கற்றையும் அடுத்த வட்டத்தில் குறைந்த அலைக்கற்றையும் வைத்திருக்க முடியும். மார்த்தாண்டத்தில் வேகமாக இயங்கும் ஒரு நெட்வொர்க், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாறசாலையில் தடுமாறுவதற்கும், இதற்கு நேர்மாறாக நடப்பதற்கும் இது ஒரு காரணம். உறவினர் ஒருவர் குழித்துறையில் இருந்துகொண்டு தரும் பரிந்துரையை ஆரியங்கோட்டில் அப்படியே ஏற்க முடியாது.

இந்தக் கோட்டின் வரலாறு கைபேசிக்கு மிக முந்தையது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நீடித்தது. திருமண உறவு, சந்தை, மருத்துவமனை, கல்லூரி என அன்றாட வாழ்க்கை இரு பக்கமும் தொடர்ந்துவந்த நிலையில், பின்னாளில் வந்த தொலைத்தொடர்பு உரிமங்கள் அதே மாநிலக் கோட்டைப் பின்பற்றின.

கோட்டைக் கடந்தால் கட்டணம்: ஒரு முடிந்துபோன கதை

கேரளத்தில் கைபேசி சேவை 1996-ஆம் ஆண்டில் தொடங்கியது. எஸ்கோடெல் நிறுவனத்தின் சேவையை அந்த ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் நடந்த விழாவில் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை முதல் அழைப்பைப் பேசித் தொடங்கிவைத்தார். அக்காலத்தில் பேசுவதற்கு மட்டுமன்றி, வரும் அழைப்பை ஏற்பதற்கும் பணம் செலுத்த வேண்டியிருந்தது. 2003-ஆம் ஆண்டில் உள்வரும் அழைப்புகள் இலவசமாயின. ஆனால் அது சொந்த வட்டத்துக்குள் மட்டுமே.

எல்லையோர மக்களுக்கு உண்மையான சுமையாக இருந்தது ரோமிங் கட்டணம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2007-ஆம் ஆண்டில் விதித்த உச்சவரம்பின்படி, ரோமிங்கில் வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 1 ரூபாய் 75 காசு வரை வசூலிக்கலாம். 2013 ஜூலையில் இது 75 காசாகவும், 2015 மே மாதத்தில் 45 காசாகவும் குறைக்கப்பட்டது. களியக்காவிளையில் கடை வைத்திருக்கும் ஒருவர் இஞ்சிவிளையில் உள்ள தம் வீட்டில் அமர்ந்து மனைவிக்கு வந்த அழைப்பை எடுத்தால்கூட, கைபேசி எதிர்ப்பக்கக் கோபுரத்தைப் பிடித்திருக்கும் பட்சத்தில், இருப்புத்தொகை குறையும். சட்டைப் பையில் இரண்டு கைபேசிகள் வைத்திருக்கும் வழக்கமும், பின்னர் இரட்டை சிம் கைபேசிக்கு இப்பகுதியில் ஏற்பட்ட வரவேற்பும் இதன் விளைவே.

2015 ஜூன் மாதத்தில் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்புகளை இலவசமாக்கியது. 2016 செப்டம்பர் 5 அன்று சேவையைத் தொடங்கிய ஜியோ, ரோமிங் கட்டணமே இல்லை என அறிவித்தது. 2017 ஏப்ரல் முதல் ஏர்டெல் நிறுவனமும் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைக் கைவிட்டது. இன்று வழக்கத்திலுள்ள வரம்பற்ற அழைப்புத் திட்டங்களில் கேரளமும் தமிழ்நாடும் ஒன்றே. எனினும், திட்டம் முடிந்த பின் வெறும் இருப்புத்தொகையில் பேசுவோருக்கும், சிறிய தொகைத் திட்டங்களில் உள்ளோருக்கும் ரோமிங் நிபந்தனை இருக்கிறதா என்பதை ரீசார்ஜ் செய்வதற்கு முன் பார்த்துக்கொள்வது நல்லது.

கட்டணம் போய்விட்டது, சிக்கல் போகவில்லை.

கைபேசி ஏன் எதிர்ப்பக்கத்தைப் பிடிக்கிறது?

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வட்டத்திலும் தனி அடையாள எண் உண்டு. இந்தியாவின் எண்கள் 404 அல்லது 405 எனத் தொடங்கும். அதைத் தொடர்ந்து வரும் இலக்கங்கள் நிறுவனத்தையும் வட்டத்தையும் குறிக்கும். கேரள ஏர்டெல்லும் தமிழ்நாடு ஏர்டெல்லும் கைபேசியின் கணக்கில் இரு வேறு நெட்வொர்க்குகளே. கைபேசி முதலில் தன் சிம் அட்டைக்குரிய நெட்வொர்க்கைத் தேடுகிறது. அது கிடைக்கும்வரை, பலவீனமாக இருந்தாலும், அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து வட்டத்தின் அலை வலுவாக இருந்தாலும் தானாகத் தாவாது. சொந்த அலை அறவே அற்றுப்போனால் மட்டுமே மாறுகிறது.

மாறிய பின்பு வேறொரு தொல்லை தொடங்குகிறது. ரோமிங்கில் உள்ள கைபேசி, சிம் அட்டையில் குறிக்கப்பட்டுள்ள கால இடைவெளியில் சொந்த நெட்வொர்க் திரும்பியுள்ளதா என்று தேடிக்கொண்டே இருக்கும். இந்த இடைவெளி 6 நிமிடங்களின் மடங்காக அமைக்கப்படுகிறது. எல்லைக்கு மிக அருகில் உள்ள வீடுகளில் கைபேசி இப்படி இங்குமங்குமாகப் பதிவை மாற்றிக்கொண்டிருப்பதால் மின்கலம் விரைவில் தீர்கிறது. பதிவு மாறும் கணத்தில் வரும் அழைப்பு 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று போய்விடுகிறது. கைபேசி பழுதென்று கடைக்கு எடுத்துச் செல்பவர்களில் சிலருக்கு உண்மையில் தேவைப்படுவது கைபேசி அமைப்பில் ஒரு சிறு மாற்றம்தான்.

அமைப்புகள் பகுதியில் உள்ள நெட்வொர்க் தேர்வில் 'தானியங்கி' என்பதை நீக்கிவிட்டு, கிடைக்கும் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நிறுவனம் அனுமதித்திருந்தால் கைபேசி அதிலேயே நிலைத்து நிற்கும். ஆனால் நெய்யாற்றின்கரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ பயணம் செல்லும்போது அதை மீண்டும் தானியங்கி நிலைக்கு மாற்ற மறந்தால், வழி முழுவதும் சேவை இல்லாமல் போகும். முதியவர்களின் கைபேசியில் இந்த வேலையைச் செய்துவைப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

மேடும் பள்ளமும் ரப்பர் மரமும்

ஆரியங்கோடு போன்ற உள்ளூர்களில் எல்லைச் சிக்கலைவிட நிலத்தின் அமைப்பே பெரிது. கைபேசி அலைகளில் தாழ்ந்த அலைவரிசைகள், அதாவது 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் வரிசைகள், தொலைவு செல்லும். சுவர்களையும் மரங்களையும் ஓரளவு ஊடுருவும். 2300, 3500 போன்ற உயர்ந்த வரிசைகள் அதிகத் தரவைச் சுமக்கும். ஆனால் மேட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் உள்ள வீட்டுக்குள் அவை நுழைவது கடினம். இலையடர்ந்த தோட்டமும் மழையில் நனைந்த மரக்கூட்டமும் உயர் அலைகளை மேலும் தேய்க்கின்றன. ரப்பர் இலையுதிரும் மாதங்களில் நன்றாகக் கிடைத்த வேகம் மழைக்காலத்தில் குறைவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எனவே விளம்பரத்தில் உள்ள 5ஜி என்ற சொல் மட்டும் இந்த ஊருக்குப் போதாது. வீட்டுக்குள் எந்த அலைவரிசை எட்டுகிறது என்பதே கேள்வி. ஜியோ நிறுவனத்துக்கு 2ஜி, 3ஜி சேவை இல்லை. அழைப்புகளும் 4ஜி வழியாகவே செல்கின்றன. ஆகவே பழைய பொத்தான் கைபேசி வைத்திருப்போருக்கு அது உதவாது. 4ஜி வசதியுள்ள கைபேசி வேண்டும். ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். ஆகியவற்றில் 2ஜி தொடர்வதால் எளிய கைபேசியும் இயங்கும். வோடஃபோன், ஐடியா ஆகியவை 2018 ஆகஸ்டில் ஒன்றாயின. எஸ்கோடெல் வழி வந்த ஐடியாவும், பி.பி.எல். வழி வந்த வோடஃபோனும் கேரளத்தில் ஆழ வேரூன்றியிருந்தவை. பி.எஸ்.என்.எல். நிறுவனம் உள்நாட்டிலேயே உருவான தொழில்நுட்பத்தில் 4ஜி சேவையை 2025 செப்டம்பர் 27 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தது. மலையடிவார ஊர்களில் பிற நிறுவனங்கள் தயங்கிய இடங்களிலும் அதன் கோபுரங்கள் இருப்பதுண்டு என்பதால், சில வளாகங்களில் அதுவே முதல் தேர்வாகவும் அமையலாம்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

டிராயின் 2024-ஆம் ஆண்டு சேவைத் தர விதிமுறைகள், ஒவ்வொரு நிறுவனமும் 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி சேவை கிடைக்கும் இடங்களை நில வரைபடத்தில் தம் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும் எனக் கட்டாயமாக்கியுள்ளன. வரைபடத்தில் தம் வீட்டை, பணியிடத்தை, பிள்ளைகளின் பள்ளியைத் தனித்தனியே தேடிப் பார்ப்பது முதல் படி. இவை பெரும்பாலும் திறந்தவெளிக் கணிப்புகள். பச்சை நிறம் காட்டும் இடத்தில் கான்கிரீட் கூரைக்குக் கீழே சிக்னல் இல்லாமல் போவது வியப்பல்ல.

இரண்டாவது, தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளம். 2017-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இத்தளம் கோபுரங்களின் கதிர்வீச்சு குறித்த அச்சத்தைத் தீர்ப்பதற்காக உருவாக்கப்பட்டது. எனினும் சிம் வாங்குவோருக்கும் அது பயன்படும். ஓர் இடத்தைக் குறிப்பிட்டால் அருகிலுள்ள கோபுரங்கள் எவை, அவற்றில் எந்தெந்த நிறுவனங்கள் உள்ளன என்பதை அது காட்டுகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உள்ளது. ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்களின் கருவிகள் இருப்பது இயல்பு. இண்டஸ் டவர்ஸ் போன்ற கோபுர நிறுவனங்கள் தம் கோபுரங்களை ஏர்டெல், வோடஃபோன் ஐடியா உள்ளிட்டோருக்கு வாடகைக்கு விடுகின்றன. பாதுகாப்புக்காக இரு நிறுவனங்களின் சிம் வைத்திருக்கும் குடும்பம், அவ்விரண்டும் ஒரே கோபுரத்தில் இருந்தால், மின்சாரம் போய் மின்கலமும் தீர்ந்த இரவில் இரண்டையும் ஒன்றாக இழக்கும். இரண்டாவது சிம் வேறு நிறுவனத்துடையதாக இருந்தால் மட்டும் போதாது. அது வேறு கோபுரத்திலிருந்து வர வேண்டும்.

மூன்றாவது வழி மிகப் பழையது: அண்டை வீட்டாரின் கைபேசியை வாங்கி நம் வீட்டின் உள்ளறையில் நின்று பேசிப் பார்ப்பது. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் *#*#4636#*#* என்ற குறியீட்டை அழுத்தினால் சிக்னல் வலிமை எதிர்மறை எண்ணாகத் தெரியும். எண் பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க அலை வலுவானது. 4ஜியில் −85 அளவு நல்லது. −110-க்கும் கீழே போனால் அழைப்பு அறுபடும் வாய்ப்பு அதிகம். காலையில் ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இரவில் வலிமை குறையாமலே வேகம் மட்டும் குறைந்தால், ஒரே கோபுரத்தை அதிகம் பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பொருள். வேகத்தைச் சோதிக்க டிராயின் 'மைஸ்பீடு' செயலி உள்ளது.

எந்த நிறுவனத்தின் அலையும் உள்ளறைக்கு எட்டாத வீடுகளில், கம்பிவழி இணைப்பு இருந்தால் 'வைஃபை காலிங்' எனப்படும் வசதி தீர்வாகும். கைபேசி அழைப்பு வீட்டு வைஃபை வழியாகவே செல்லும். தனிக் கட்டணம் இல்லை. கேரள அரசின் கே-ஃபோன் கண்ணாடி இழை இணைப்பு 2023 ஜூன் 5 முதல் செயல்பாட்டில் உள்ளது.

28 நாள் கணக்கு

2024 ஜூலை தொடக்கத்தில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா ஆகிய மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. பி.எஸ்.என்.எல். உயர்த்தவில்லை, அடுத்து வந்த சில மாதங்களில் அதற்கு வாடிக்கையாளர்கள் கூடினர். உயர்வுக்குப் பின் 28 நாள் திட்டங்களில் 299 ரூபாய் என்பது பரவலான விலையாக நின்றது. 28 நாள் என்பது ஒரு மாதம் அல்ல. ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 299 ரூபாய் வீதம் ஆண்டுச் செலவு 3,887 ரூபாய். நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் இது 15,500 ரூபாயைத் தாண்டும். ரப்பர் வெட்டும் கூலியில் வாழும் வீட்டுக்கு இது சிறிய தொகையல்ல. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையுமாவது வழங்க வேண்டும் என டிராய் 2022-ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. கடையில் கேட்டால்தான் அவை வெளியே வரும்.

இணையம் தேவையற்றோருக்கு மற்றொரு வழி உண்டு. 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த திருத்தத்தின்படி, அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களை நிறுவனங்கள் வழங்க வேண்டும்; அவற்றின் செல்லுபடிக் காலம் 365 நாள் வரை இருக்கலாம். இதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 365 நாளுக்கு 1,849 ரூபாய் திட்டத்தையும், ஜியோ 336 நாளுக்கு 1,748 ரூபாய் திட்டத்தையும் அறிமுகப்படுத்தின. நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 ரூபாய். 299 ரூபாய்த் திட்டத்தில் இது நாளொன்றுக்கு 10 ரூபாய் 68 காசு. வீட்டில் வைஃபை உள்ள முதியவருக்கு முன்னதே போதும். விலைகள் மாறக்கூடியவை என்பதால் ரீசார்ஜ் நாளில் உள்ள தொகையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வளைகுடாவில் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல், காணொலி அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு உள்ளது. அங்கிருப்பவர் அனுமதிக்கப்பட்ட வேறு செயலியில் காணொலியில் பேசினால் இங்கே தரவு வேண்டும். சாதாரண சர்வதேச அழைப்பில் பேசினால் இங்கே எதுவும் வேண்டாம், வரும் அழைப்பு இலவசம். மகன் எப்படி அழைக்கிறான் என்று கேட்காமல் தாய்க்குத் திட்டம் தேர்ந்தெடுக்கக் கூடாது.

இரண்டாவது சிம் அட்டையை உயிருடன் வைத்திருப்பதற்கும் கணக்கு உண்டு. முன்கட்டண எண்ணை 90 நாள் பயன்படுத்தாமலிருந்தால் துண்டிக்கலாம். இருப்பில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பது டிராய் விதி. எதிர்ப்பக்க வட்டத்தின் சிம் ஒன்றை அவசரத்துக்கென வைத்திருப்போர் இதை நினைவில் கொள்ளலாம். ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இணைப்புகளே அனுமதி. தம் பெயரில் எத்தனை உள்ளன என்பதை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். எல்லை தாண்டிப் போய் சிம் வாங்கினால், வெளியூர் முகவரி என்பதால் உள்ளூரில் அறிந்தவர் ஒருவரின் விவரம் கேட்கப்படுவதுண்டு.

அவசர வேளையில் எல்லை

112 என்ற அவசர எண்ணை அழைக்கும்போது சொந்த நெட்வொர்க் இல்லாவிட்டாலும், கிடைக்கும் எந்த நெட்வொர்க் வழியாகவும் அழைப்பு செல்லும். எந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும் என்பதைத் தீர்மானிப்பது அழைப்பைப் பெறும் கோபுரம். வெள்ளறடைப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போகும் அழைப்பு தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடித்தால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறையில் ஒலிக்கலாம். இரு மாநிலங்களிலும் ஒரே எண்ணாக உள்ள 108 ஆம்புலன்ஸ் சேவையிலும் இவ்வாறு நேரலாம். ஆகவே எல்லையோர வீடுகளில் உள்ளோர் அவசர அழைப்பில் நோயின் விவரத்துக்கு முன்பே மாநிலம், மாவட்டம், ஊராட்சி ஆகிய மூன்றையும் சொல்லப் பழக வேண்டும். அருகிலுள்ள மருத்துவமனையின் நேரடித் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதிவைப்பது அதனினும் உறுதி.

இது வெறும் எச்சரிக்கையல்ல. ஆரியங்கோட்டுக்கு அருகிலுள்ள அம்பூரி மலையடிவாரத்தில் 2001 நவம்பர் 9 அன்று ஏற்பட்ட நிலச்சரிவில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களைத் தாக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, குமரி மாவட்டத்தின் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் இருந்தன. மின்சாரம் இல்லாத கோபுரம் மின்கலத்திலும் டீசலிலும் சில மணி நேரமே தாக்குப்பிடிக்கும். இத்தகைய பேரிடர்களில், ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் அதே வட்டத்தில் மற்றொரு நிறுவனத்தின் கோபுரத்தைப் பயன்படுத்த தொலைத்தொடர்புத் துறை தற்காலிக அனுமதி அளிக்கிறது. 2024-ஆம் ஆண்டில் டானா உள்ளிட்ட புயல்களின்போது அது நடைமுறைப்படுத்தப்பட்டது. அப்போது கைபேசியில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுக்கத் தெரிந்திருப்பது பயனளிக்கும்.

மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை தடைபட்டால், பின்கட்டண வாடிக்கையாளருக்கு வாடகைக் கழிவும் முன்கட்டண வாடிக்கையாளருக்குச் செல்லுபடி நீட்டிப்பும் வழங்க 2024 விதிமுறைகள் வகைசெய்கின்றன.

எண் மாறாமல் மாறுவது

தமிழ்நாட்டு எண்ணை வைத்துக்கொண்டு பாறசாலையில் குடியேறிய மருமகள்களும், கேரள எண்ணுடன் மார்த்தாண்டத்தில் கடை நடத்துவோரும் இப்பகுதியில் ஏராளம். எண் மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. ஆனால் அது வட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியானது. 2015 ஜூலை 3 முதல் வட்டம் விட்டு வட்டமும் எண்ணைக் கொண்டுசெல்லலாம்.

'போர்ட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டுக் கைபேசி எண்ணைச் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் 8 எழுத்துகள் கொண்ட குறியீடு வரும். அது 4 நாள் செல்லும். அந்தக் குறியீட்டுடனும் அடையாளச் சான்றுடனும் புதிய நிறுவனத்தின் கடைக்குச் செல்ல வேண்டும். வட்டத்துக்குள் என்றால் 3 வேலைநாளிலும், வட்டம் மாறினால் 5 வேலைநாளிலும் மாற்றம் முடிய வேண்டும் என்பது 2019 டிசம்பர் 16 முதல் நடைமுறையிலுள்ள விதி. இணைப்பு பெற்று 90 நாள் ஆகியிருக்க வேண்டும். பின்கட்டண நிலுவை இருக்கக் கூடாது. 2024 ஜூலை முதல், தொலைந்த சிம் அட்டைக்கு மாற்று வாங்கிய 7 நாட்களுக்குள் குறியீடு வழங்கப்படாது. எண்ணைத் திருடி வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடியைத் தடுப்பதே இதன் நோக்கம். மனம் மாறினால் விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். பழைய நிறுவனத்தில் மீதமுள்ள இருப்பும் செல்லுபடியும் கைவிட்டுப் போகும் என்பதால், திட்டம் முடியும் தறுவாயில் மாறுவதே சிக்கனம்.

மாறும் உரிமை கையில் இருப்பதன் அருமையைத் தமிழ்நாடு 2018-ஆம் ஆண்டில் உணர்ந்தது. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் ஏர்செல் சேவை திடீரென முடங்கியபோது, அந்த எண்ணையே வங்கிக்கும் தொழிலுக்கும் கொடுத்திருந்த லட்சக்கணக்கானோர் குறியீடு பெறக்கூட சிக்னல் இன்றித் தவித்தனர். நிறுவனம் மாத இறுதியில் திவால் மனு தாக்கல் செய்தது. வங்கி, ஆதார், குடும்ப அட்டை ஆகிய அனைத்தையும் ஒரே எண்ணில் இணைத்துள்ள வீடுகளில், குடும்பத்தில் மற்றொருவரின் எண்ணாவது வேறு நிறுவனத்தில் இருப்பது நல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

புகார் செய்ய நேர்ந்தால்

எந்த வட்டத்தில் சிம் வாங்கப்பட்டதோ அந்த வட்டமே புகாருக்குரியது. இது எல்லையோர மக்களுக்கு முக்கியம். பாறசாலையில் தமிழ்நாட்டு சிம் வைத்திருப்பவரின் கணக்கு தமிழ்நாட்டு அலுவலகத்தின் கீழ் வரும். அழைப்பு மையத்தில் தமிழில் பேச முடியும் என்ற வசதி உண்டு. ஆனால் பலவீனமாக உள்ளது கேரளக் கோபுரமாயின் அதைச் சரிசெய்ய வேண்டியது மற்றொரு வட்டத்தின் பிரிவு. கேரள சிம் என்றால் இரண்டும் ஒரே இடத்தில் முடியும். மலையாளம் சரளமாகப் பேச இயலாத முதியவர்களுக்கு முன்னதும், வீட்டு சிக்னலே தலைவலியாக உள்ளோருக்குப் பின்னதும் ஏற்றது.

முதலில் 198 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் பதிந்து, பதிவு எண்ணைப் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் முறையிடலாம். இதற்கும் கட்டணம் இல்லை. டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்தை அணுகும் வழி திறந்தே உள்ளது. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு எதிரான வழக்குகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 16 அன்று வோடஃபோன் ஐடியா தொடர்பான வழக்கில் உறுதி செய்தது.

புகாரில் "சிக்னல் இல்லை" என்று மட்டும் எழுதினால் பதிலும் பொதுவாகவே வரும். வீட்டின் இருப்பிடம், நாள், நேரம், சிக்னல் வலிமையின் எண், அந்நேரத்தில் திரையில் தெரிந்த நெட்வொர்க்கின் பெயர் ஆகியவற்றைத் திரைப்படத்துடன் சேர்த்து அனுப்பினால், கைபேசி எந்தப் பக்கத்துக் கோபுரத்தில் இருந்தது என்பதைப் பொறியாளர் கண்டறிய முடியும். ஒரே தெருவைச் சேர்ந்த ஐந்தாறு வீட்டார் தனித்தனியே புகார் பதிந்தால், ஆண்டெனாவின் சாய்வைத் திருத்துவது போன்ற சிறு வேலைகள் விரைவில் நடப்பதுண்டு. புதிய கோபுரம் அமைப்பதற்கு நிலம், ஊராட்சி அனுமதி, மின்இணைப்பு எனக் காலம் பிடிக்கும்.